ஒரு சாண் மரம்

ஆஸ்திரேலியாவின் தீவு மாநிலமான டாஸ்மேனியாவின் மேற்குக் கரையில் உள்ள ஸ்ட்ரான் என்னும் சிறு துறைமுக ஊரில், நானும் மனைவியும் இரண்டு இரவுகள் தங்கியிருந்த வீட்டின் கூடத்தில் விருந்தினர் குறிப்பேடு ஒன்று இருந்தது. இரண்டாம் நாள் மாலை, படகிலிருந்து இறங்கி வந்த கையோடு, உடுப்பின் ஈரம் காய்வதற்கு முன்பே அதில் தமிழில் ஒரு வரி எழுதினேன்: "இங்கே காடு மனிதர்களை மன்னித்துவிட்டது." வீட்டுக்காரருக்குப் புரியட்டும் என்று அதன் கீழே ஆங்கிலத்திலும் எழுதிக் கையெழுத்திட்டேன். எழுதியபோது அதில் எனக்குத் துளியும் ஐயமில்லை. நல்ல வரி ஒன்று அமைந்துவிட்ட நிறைவோடுதான் அன்றிரவு தூங்கினேன். எட்டு மாதங்கள் ஆகிவிட்டன. யாரும் அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் அந்த வரி என்னை விடுவதாக இல்லை. நான் சொன்னது தவறு என்று இப்போது எனக்குத் தெரியும். எந்த இடத்தில் தவறியது என்பதைத்தான் இத்தனை நாளாக யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

ஹோபார்ட்டில் எங்கள் வீட்டிலிருந்து ஸ்ட்ரான் முந்நூறு கிலோமீட்டர்தான். ஆனால் சாலை வளைந்து வளைந்து செல்வதால் ஐந்து மணி நேரம் பிடிக்கும். தலைநகரையும் இந்த மேற்குக் கரையையும் இணைக்கும் லயல் நெடுஞ்சாலையே 1932இல்தான் முடிந்தது. அதுவரை இவ்வூருக்கு வர விரும்பியவர்கள் தீவைச் சுற்றிக் கடல் வழியாக வந்தார்கள், அல்லது வடக்கே சுரங்க ஊர்களின் ரயில் பாதைகளில் மாறி மாறி வந்தார்கள். நாங்கள் ஏப்ரல் மாதத்தில், இலையுதிர் காலத்து மழையில் போனோம். குயின்ஸ்டவுனை அடையும் முன்பே இருட்டிவிட்டது. அங்கே மலையிலிருந்து இறங்கும் வளைவுகளை வண்டியின் விளக்கு வெளிச்சத்தில் கடந்தோமே தவிர, இருபுறமும் என்ன இருக்கிறது என்று பார்க்கவில்லை. அந்த இருட்டைத் தனியே குறிப்பிடக் காரணம் உண்டு. பகலில் வந்திருந்தால் குறிப்பேட்டில் அந்த வரியை எழுதியிருக்க மாட்டேன்.

தேநீர் நிறத்து நீர்

ஆயிரம் பேர்கூட இல்லாத ஊர் அது. ஊருக்கு முன்னால் விரிந்து கிடக்கும் மெக்குவாரி ஹார்பர் என்னும் கடற்கழியோ சிட்னி துறைமுகத்தைப் போல ஆறு மடங்கு பெரியது. அவ்வளவு பெரிய நீர்ப்பரப்பு திறந்த கடலோடு சேரும் இடம் மிகக் குறுகலானது, ஆழமும் குறைந்தது. அதற்கு 'நரக வாயில்' என்று பெயர். இங்கிருந்த சிறைத்தீவுக்குக் கொண்டுவரப்பட்ட கைதிகள் வைத்த பெயர் என்கிறார்கள். வெளியே நிற்கும் கப்பல்கள் காற்றும் ஓதமும் கூடிவரும்வரை நாள்கணக்கில் காத்துக் கிடந்த வாயில் அது. மேற்கே அதே அட்சரேகையில் கப்பலைச் செலுத்தினால் இந்தியப் பெருங்கடலையும் ஆப்பிரிக்காவின் தென்முனைக்கும் தெற்கே அட்லாண்டிக்கையும் கடந்து தென் அமெரிக்காவைத் தொடும்வரை இடையில் நிலமே கிடையாது. அத்தனை தூரமும் தடையின்றி ஓடிவரும் காற்று முதலில் மோதும் கரை இதுதான்.

கழியின் நீர் நன்கு கொதித்த தேநீரின் நிறத்தில் இருக்கிறது. அழுக்கு அல்ல. மலைச் சரிவுகளில் பொத்தான்புல் வளரும் கரிச்சதுப்பு நிலங்களில் மழைநீர் ஊறி இறங்கும்போது, அங்குள்ள துவர்ப்புப் பொருளைக் கரைத்துக்கொண்டு வருகிறது. ஆற்றின் நன்னீர் இலேசானதால் கடல்நீரின் மேல் ஒரு படலமாக மிதக்கிறது. அந்தப் பழுப்புப் படலம் வெயிலை அடியில் இறங்க விடுவதில்லை. ஆழம் குறைந்த இடத்திலும் கீழே இருட்டாக இருப்பதற்கு இதுவே காரணம். படகின் விளிம்பிலிருந்து குனிந்து பார்த்தபோது என் முகமும் வானமும் அத்தனை தெளிவாகத் தெரிந்தன. அதற்குக் கீழே ஒன்றுமே தெரியவில்லை.

கோர்டன் ஆற்றுக்குள் நுழைந்ததும் படகு வேகத்தைக் குறைத்தது. மனைவி காரணம் கேட்டாள். முன்பு படகுகள் வேகமாகப் போனபோது அவற்றின் அலை மோதி மோதிக் கரை இடிந்து விழுந்தது என்றும், பின்னர்தான் வேகத்துக்கும் தூரத்துக்கும் எல்லை வைத்தார்கள் என்றும் படகுக்காரர் சொன்னார். ஆற்றைப் பார்க்க ஆசைப்பட்டு வந்தவர்களாலேயே ஆற்றின் கரை இடிந்தது என்பதை அப்போது நான் காதில் வாங்கினேனே தவிர, மனத்தில் வாங்கவில்லை. இருபுறமும் நீரின் விளிம்புவரை நெருங்கி நின்ற மழைக்காடும், அது அசையாத நீரில் தலைகீழாகத் தெரிந்த காட்சியும் வேறு எதையும் எண்ண விடவில்லை.

சாரா தீவில் நான் கண்டது

என் வரி பிறந்தது அந்தக் கழியில் உள்ள சாரா தீவில். 1822 முதல் 1833 வரை, வான் டீமன்ஸ் லாந்து என்று அன்று அழைக்கப்பட்ட இக்குடியேற்றத்தில் தண்டனைக் காலத்திலேயே மீண்டும் குற்றம் செய்த கைதிகளை அனுப்பிய இடம் அது. அவர்கள் நாள் முழுவதும் இடுப்பளவு குளிர்நீரில் நின்று மரங்களை இழுத்தார்கள். பயிர் எதுவும் சரியாக விளையவில்லை. உணவெல்லாம் நரக வாயில் வழியாகத்தான் வரவேண்டும். அது வரத் தாமதமானால் ஸ்கர்வி நோய் வந்தது. கசையடி அன்றாட நிகழ்ச்சி. தப்பி ஓடியவர்களில் பலர் காட்டிலேயே மடிந்தார்கள். 1822இல் ஏழு பேரோடு ஓடிய அலெக்சாண்டர் பியர்ஸ், பசியில் கூட வந்தவர்களைத் தின்று உயிர் பிழைத்தார். பின்னர் மறுபடி ஓடி மறுபடி பிடிபட்டு, 1824இல் ஹோபார்ட்டில் தூக்கிலிடப்பட்டார்.

அதே தீவில்தான் கப்பல் கட்டும் வேலையும் நடந்தது. டேவிட் ஹாய் என்ற தலைமைக் கப்பல்தச்சரின் கீழ், கைதிகள் டாஸ்மேனியாவுக்கே உரிய ஊசியிலை மரமான ஹுவான் பைனில் சிறிதும் பெரிதுமாக நூற்றுக்கும் மேற்பட்ட கலங்களைக் கட்டினார்கள். அப்போதைய ஆஸ்திரேலியக் குடியேற்றங்களிலேயே பெரிய கப்பல்தளம் இந்தச் சிறு தீவில் இருந்தது. குடியிருப்பை மூடியபின் கடைசிக் கப்பலான 'பிரெட்ரிக்'கை முடித்துக் கொண்டுவருவதற்காக விட்டுவைத்திருந்த கைதிகளில் பத்துப் பேர், 1834 ஜனவரியில் அந்தக் கப்பலையே கைப்பற்றிப் பசிபிக் பெருங்கடலைக் கடந்து சிலி நாட்டை அடைந்தார்கள். தங்கள் கையால் கட்டிய கப்பலை நம்பி அவ்வளவு பெரிய கடலில் இறங்கியவர்கள் அவர்கள். அந்த மரத்தின் அருமை அவர்களைவிட யாருக்குத் தெரிந்திருக்கும்?

தீவில் இறங்கியதும் எனக்கு ஏமாற்றமாக இருந்தது. சிறை என்று சொன்னார்களே, சிறையைக் காணோமே என்று தேடினேன். பாசி படிந்த செங்கல் சுவர்த்துண்டுகள், ரொட்டி அடுப்பின் மிச்சம், அவற்றைச் சுற்றிலும் அடர்ந்த மரங்கள். எங்களை அழைத்துச் சென்ற வழிகாட்டி அந்தக் காலத்தில் வரைந்த ஓவியம் ஒன்றின் நகலை உயர்த்திக் காட்டினார். அதில் தீவு மொட்டையாக இருந்தது. மரங்களையெல்லாம் வெட்டிய பிறகு காற்று நேரே வந்து அடித்ததால், அதைத் தடுக்க உயரமான மரவேலிகளை எழுப்பியிருந்தார்கள். "நீங்கள் நிற்கும் இந்த இடத்தில் ஒரு நிழல்கூட இருந்ததில்லை" என்றார் அவர். நான் அண்ணாந்து பார்த்தேன். மழை நின்ற பின்னும் இலைகளிலிருந்து நீர் சொட்டிக்கொண்டிருந்தது. பத்தாண்டுக் கொடுமையை நூற்றுத் தொண்ணூறு ஆண்டுகளில் காடு தடமில்லாமல் மூடிவிட்டதே என்று நெஞ்சு நெகிழ்ந்தது உண்மை. அந்த நெகிழ்ச்சியைத்தான் குறிப்பேட்டில் எழுதினேன்.

தீவில் வழிகாட்டி சொன்ன இன்னொரு செய்தியையும் நான் அப்போதே பற்றிக்கொண்டிருக்க வேண்டும். 1833இல் ஜார்ஜ் அகஸ்டஸ் ராபின்சன் என்னும் அரசு முகவர், மேற்குக் கரையில் எஞ்சியிருந்த பழங்குடி மக்களைத் திரட்டி, பிளிண்டர்ஸ் தீவுக்கு அனுப்புவதற்கு முன்பு இங்கேதான் அடைத்து வைத்தார். அவர்களில் பலர் நோய்கண்டு இங்கேயே இறந்தார்கள். 'மனிதக் கை படாத வனம்' என்று எல்லோரும் புகழும் இந்த நிலப்பரப்பில் மனிதக் கை படாமல் இருந்ததில்லை. பிராங்க்ளின் ஆற்றங்கரையில் உள்ள குட்டிகினா குகையில் இருபதாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே, பனியூழிக் காலத்தில், மனிதர்கள் தீ மூட்டி வாலபி என்னும் சிறு கங்காருகளைச் சுட்டுத் தின்று கல்லாயுதம் செய்திருக்கிறார்கள். அந்த மக்களின் வழிவந்தவர்களைப் பிடித்துக் கொண்டுபோனதால் உண்டான வெறுமையைத்தான் பின்னால் வந்தவர்கள் 'ஆளில்லாக் காடு' என்று கண்டார்கள். சுவர்களை மூடிய மரங்களைப் பார்த்து நெகிழ்ந்த நான், அந்த வெறுமையைக் காட்டின் அழகு என்றே எண்ணிக்கொண்டேன்.

வளையங்களை எண்ணிய இரவு

மூன்றாம் நாள் காலை, ஊரில் உள்ள மர அறுவை ஆலைக்குப் போனோம். வாசலிலேயே ஒரு வாசனை என்னை நிறுத்தியது. இனிப்பும் காரமும் கலந்த, கிராம்பையும் துளசியையும் நினைவூட்டும் வாசனை. ஆனால் கிராம்பும் அல்ல, துளசியும் அல்ல. வேறு எங்கேயோ நன்றாகப் பழகியது. ஹுவான் பைன் மரத்தின் எண்ணெயில் பெரும்பகுதி மெத்தில் யூஜினால் என்னும் பொருள் என்று ஆலையில் ஒருவர் சொன்னதும் சட்டென்று விளங்கிவிட்டது. கிருஷ்ணகிரியில் எங்கள் மாந்தோப்பில் அண்ணன் பழ ஈக்குத் தொங்கவிடும் பொறியின் வாசனை அது. ஒட்டுப்பலகைத் துண்டை அதே மெத்தில் யூஜினாலில், பூச்சிமருந்தும் சேர்த்து ஊறவைத்து, டப்பாவுக்குள் கட்டித் தொங்கவிடுவார். அந்த வாசனைக்கு ஆண் ஈக்கள் வந்து விழும். நாங்கள் கடையில் வாங்கிப் பலகையில் ஏற்றுவதை இந்த மரம் தானாகவே தன் உடம்பில் வைத்திருக்கிறது. அந்த எண்ணெய்தான் பூச்சியையும் பூஞ்சணத்தையும் அண்டவிடாமல், வெட்டிய மரத்தைத் தண்ணீரிலும் உளுத்துப்போகாமல் காக்கிறது. கப்பல்காரர்கள் இதைத் தேடி நரக வாயிலுக்குள் நுழைந்ததும் அதனால்தான்.

கைதிகளுக்குப் பிறகு, இந்த மரத்தை நம்பி 'பைனர்' என்று அழைக்கப்பட்ட மரவெட்டிகள் வந்தார்கள். ஹுவான் பைன் கட்டையிலேயே செய்த படகுகளைத் துடுப்புப் போட்டும், பாறைகள் மேல் இழுத்தும் ஆற்றின் எதிர்த்திசையில் ஏறி, மாதக்கணக்கில் மழையில் தங்கி மரம் வெட்டினார்கள். வெட்டிய கட்டைகளில் அவரவர் முத்திரையை அடித்து ஆற்றோரம் போட்டுவிட்டு வெள்ளம் வரக் காத்திருந்தார்கள். வெள்ளம் கட்டைகளைக் கீழே கொண்டுவந்து சேர்க்கும். அவர்களுடைய உழைப்பைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கைப்பிடி தேய்ந்த அவர்களுடைய கோடரிகளைப் பார்த்தபோது என் தாத்தாவின் கைகளே நினைவுக்கு வந்தன. இன்று உயிருள்ள ஹுவான் பைனை வெட்ட அனுமதி இல்லை. அன்று வெட்டி விட்டுப்போனதையும், ஆற்றில் மூழ்கிக் கிடப்பதையும், காட்டில் விழுந்து கிடப்பதையும் மீட்டுத்தான் ஆலை ஓடுகிறது. அத்தனை காலம் மண்ணில் கிடந்த மரத்தை அறுத்தாலும் வாசனை அப்படியே எழுகிறது.

அங்கே ஒரு வட்டத் துண்டு வாங்கினேன், ஓர் இளமரத்தின் குறுக்குவெட்டு. ஹோபார்ட் திரும்பிய இரவு, மேசை விளக்கின் கீழே பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு, குண்டூசி முனையால் பட்டையிலிருந்து மையத்தை நோக்கி வளையங்களை எண்ணத் தொடங்கினேன். ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்ட மயிரிழைகளைப் போன்ற வளையங்கள். இரண்டு முறை தவறவிட்டு முதலிலிருந்து எண்ணினேன். மூன்றாம் முறை மையத்தைத் தொட்டபோது எண்ணிக்கை நூற்று எண்பத்தேழு. துண்டின் குறுக்களவு பத்தொன்பது சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. இந்த மரம் ஆண்டுக்குச் சராசரியாக ஒரு மில்லிமீட்டர்தான் பருக்கிறது என்று ஆலையில் சொன்னது, என் மேசைமேலேயே சரியாக வந்தது. இது மீட்டெடுத்த மரம். எந்த ஆண்டில் செத்தது என்று யாருக்கும் தெரியாது. ஆகவே எத்தனை ஆண்டுகள் என்பதை வளையங்கள் சொல்லும், எந்த ஆண்டு என்பதைச் சொல்லமாட்டா. எனக்கு அதுவே போதுமானதாக இருந்தது.

சாரா தீவின் கடைசிக் கைதிகள் கிளம்பிய அன்று கோர்டன் கரையில் ஒரு ஹுவான் பைன் விதை முளைத்திருக்குமானால், யாரும் தொடாமல், தீயும் அண்டாமல் அது இன்றுவரை வளர்ந்திருக்குமானால், இப்போது எவ்வளவு பருமன் இருக்கும்? என் கையை விரித்து அந்தத் துண்டின் மேல் வைத்தேன். ஒரு சாண்கூட இல்லை.

தீவை மூடியிருந்த காடு விரைவாக வளரும் மரங்களின் காடு. அவற்றின் கணக்கில் நூற்றுத் தொண்ணூறு ஆண்டு நீண்ட காலம். ஆனால் மனிதர்கள் இங்கே எதற்காக வந்தார்களோ, எதை வெட்டிக் கொண்டுபோனார்களோ, அந்த மரத்தின் கணக்கில் நேற்றுதான் வெட்டியிருக்கிறார்கள். ஹுவான் பைன் இரண்டாயிரம் ஆண்டுகளைத் தாண்டியும் வாழக்கூடியது. கைதிகளும் பைனர்களும் தேர்ந்தெடுத்து வீழ்த்திய பெருமரங்களில் பல, ஐரோப்பியர் இந்தக் கண்டம் இருப்பதை அறிவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே நெடிது நின்றவை. அவற்றின் இடத்தில் இன்று நிற்கக்கூடியது என் கையகல மரம். மன்னிப்பு என்று நான் எழுதியது, வேறு மரங்கள் காயத்தை என் கண்ணிலிருந்து மறைத்த காட்சி. காயம்பட்டது ஒன்று, என்னைத் தேற்றியது இன்னொன்று.

மொட்டை மலையும் மீண்ட ஆறும்

அந்த எண்ணிக்கைக்கு முன்பே என் வரி ஆட்டம் கண்டிருந்தது. திரும்பும் வழியில் குயின்ஸ்டவுனைப் பகலில் கண்டோம். 1890களில் தொடங்கிய மவுண்ட் லயல் செம்புச் சுரங்கத்தின் உலைகளுக்கு விறகாகச் சுற்றிலும் இருந்த காடு போனது. தாது எரிந்த கந்தகப் புகை மிச்சத்தைக் கொன்றது. பிறகு இந்தக் கரையின் ஓயாத மழை மேல்மண்ணைக் கழுவிக்கொண்டு போனது. இளஞ்சிவப்பும் மஞ்சளுமாக வெறும் பாறை மலைகள் ஊரைச் சுற்றி நிற்கின்றன. புகை நின்று பல பத்தாண்டுகள் கழிந்தும், பச்சை அங்கங்கே திட்டுத் திட்டாகத்தான் ஏறியிருக்கிறது. அந்த வெறுமையே ஊரின் அடையாளம், அதை அப்படியே விட்டுவையுங்கள் என்று சொல்லும் ஊர்க்காரர்களும் உண்டு. அவர்களை என்னால் குறை சொல்ல முடியவில்லை; அவர்களுடைய தாத்தாக்களின் உழைப்பு அந்த மலையில்தானே எழுதியிருக்கிறது. சுரங்கக் கழிவு 1994வரை ஆற்றில் கொட்டப்பட்டது. கிங் ஆறு அதைச் சுமந்து மெக்குவாரி ஹார்பரில் சேர்த்த வண்டலின் மேல் செத்த மரங்கள் நிற்கின்றன. சுரங்கத்துக்காகச் செங்குத்துச் சரிவில் பல்சக்கரத் தண்டவாளம் போட்டு அமைத்த ரயில் பாதை 1963இல் மூடப்பட்டு, இப்போது பயணிகளுக்காக மீண்டும் ஓடுகிறது. ரயிலை மீட்க மனிதர்களால் முடிந்தது. ஆற்றை மீட்பது அவ்வளவு எளிதாக இல்லை.

அந்தக் கழியின் இருண்ட அடியில், வேறெங்கும் காண்பதற்கு அரிதாகிவிட்ட மாஜியன் திருக்கை என்னும் மீன் வாழ்கிறது. ஆழத்து நீரில் உயிர்வளி குறைந்ததால் அது அழிவின் விளிம்பில் நிற்கிறது. மிதவைக் கூண்டுகளில் நடக்கும் சால்மன் வளர்ப்பு அதற்கு ஒரு முக்கியக் காரணம் என்பதில் அறிவியலாளர்களும், அந்தத் தொழிலை நம்பி வாழும் ஸ்ட்ரான் குடும்பங்களும் இன்றும் முட்டிக்கொண்டிருக்கிறார்கள். முகமும் வானமும் தெரிந்த அந்த நீரின் அடியில் நான் பார்க்காதவற்றுள் இதுவும் ஒன்று.

காட்டுக்குச் சார்பாக மனிதர்கள் நின்ற கதையும் இவ்வூருக்கு உண்டு. அதைச் சொல்லாமல் விட்டால் நியாயமாகாது. கோர்டன் ஆற்றில் பிராங்க்ளின் கலக்கும் இடத்துக்குக் கீழே அணை கட்ட மின்வாரியம் முனைந்தபோது, 1982 டிசம்பர் 14 அன்று இங்கிருந்துதான் மறியல் தொடங்கியது. அதே நாளில் யுனெஸ்கோ இந்த வனத்தை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. சிறு ரப்பர் படகுகளில் ஆற்றின் மேலே போய், இயந்திரங்களின் வழியை மறித்து, ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் கைதானார்கள். வேலை வரும் என்று அணையை வரவேற்ற ஊர்க்காரர்களும் வெளியிலிருந்து வந்த போராட்டக்காரர்களும் ஒரே தெருவில் எதிரெதிரே நின்ற கோடைக்காலம் அது. 1983 ஜூலை 1 அன்று உயர் நீதிமன்றம் நான்குக்கு மூன்று என்ற கணக்கில், அணையைத் தடுக்க முனைந்த மத்திய அரசுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்ததால் அணை நின்றது. ஒரு நீதிபதி மாறியிருந்தால் பிராங்க்ளின் ஆற்றின் கரைகளும் குட்டிகினா குகையும் நீருக்கடியில் இருந்திருக்கும். இன்று அந்தப் படகுகள்தான் ஸ்ட்ரானுக்குச் சோறு போடுகின்றன. குட்டிகினா 1995இல் பழங்குடி மக்களிடம் திருப்பித் தரப்பட்டது. தீர்ப்பு வந்த பிறகு ஹுவான் பைன் சேர்த்துக்கொண்டிருக்கும் பருமன் நாலு சென்டிமீட்டர். காட்டுக்கு வேண்டியது நெகிழ்ச்சி அல்ல, இப்படி யாரேனும் குறுக்கே வந்து நிற்பதும், பிறகு நீண்ட காலம் கை வைக்காமல் விடுவதும்தான் என்று அந்த நாலு சென்டிமீட்டரைப் பார்க்கும்போது எனக்குத் தோன்றுகிறது.

சென்ற வாரம் அண்ணனிடம் தொலைபேசியில் இதையெல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "நம்ம தோப்புல நான் வெச்ச கன்னு பத்து வருஷத்துல காய்ச்சுக் குலுங்குதுடா. நூத்தி எண்பது வருஷத்துக்கு ஒரு சாணா?" என்று கேட்டார். சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, "அந்தத் துண்டை அரம் போட்டுத் தேய்ச்சா இன்னும் வாசனை வருதா?" என்றார். வருகிறது அண்ணா என்றேன்.

வரும் ஜூனில் மீண்டும் ஸ்ட்ரானுக்குப் போகிறோம். அதே வீட்டில்தான் இடம் சொல்லியிருக்கிறேன். அந்தக் குறிப்பேடு நிரம்பி, வேறு ஒன்று அதன் இடத்துக்கு வந்திருக்கலாம். இருந்தாலும் பழையதைக் கேட்டு வாங்குவேன். என் வரியை அடிக்கப் போவதில்லை, அன்று நான் அப்படித்தான் பார்த்தேன். அதன் கீழே தேதியைப் போட்டு, தமிழிலும் ஆங்கிலத்திலும் நூற்று எண்பத்தேழு ஆண்டு, பத்தொன்பது சென்டிமீட்டர் என்று எழுதி, அந்தப் பக்கத்தில் என் கையை விரித்து வைத்து, சாணின் அளவுக்கு ஒரு கோடு வரைந்துவிட்டு வருவேன்.